மேலே எடுத்துப் போனவை

கிள்ளான் பள்ளத்தாக்கில் மழைக்கென்று யாரும் ஆயத்தமாவதில்லை. பிற்பகலில் இருட்டிக்கொண்டு வரும், ஒரு மணி நேரம் கொட்டும், சாலையோரக் கால்வாய் நிரம்பி வடியும். கடைகளின் அஞ்சடி நடைபாதையில் ஒதுங்கி நின்றவர்கள் மறுபடி நடக்கத் தொடங்குவார்கள். 2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை பிடித்த மழையும் அப்படித்தான் தெரிந்தது. விடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வடகிழக்குப் பருவமழை என்றால் கிளந்தான், திரங்கானு. நமக்கு நடுவில் தித்திவாங்சா மலைத்தொடர் மறைப்பாக நிற்கும். அந்த வாரம் கிழக்குக் கரையில் கரையேறிய காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மலையைப் பொருட்படுத்தாமல் இந்தப் பக்கமும் கொட்டிவிட்டுப் போனது. கோலாலம்பூரின் ஒரு மாத சராசரியைத் தாண்டிய மழை ஒரே நாளில் பெய்தது என்று அதிகாரிகள் பின்னர் சொன்னார்கள். நூறாண்டுக்கு ஒரு முறை வருவதாம். எந்த நூறாண்டின் எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத கணக்கு அது.

*

அக்கா வீடு தாமான் ஸ்ரீ மூடாவில். ஷா ஆலாமின் 25-ஆவது பிரிவு. கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த நிலம். அங்கே வரும்போது ஆறு கடலின் ஓதத்துக்குக் கட்டுப்பட்டுவிடுகிறது. கடல் ஏறியிருந்தால் ஆற்று நீர் வெளியேற வழியில்லை. சனிக்கிழமை 18-ஆம் தேதி, மறுநாள் பௌர்ணமி, ஓதம் உயரும் நேரம். அம்மா மாதம் தவறாமல் விரதம் இருக்கும் பௌர்ணமியை நாங்கள் ஆற்றோடு சேர்த்து யோசித்ததே இல்லை.

தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று அத்தான் பழைய துணிகளைக் கதவடியில் திணித்தார். அது குளியலறைத் துவாரத்திலிருந்து வந்தது.

*

முதலில் எதை எடுப்பது?

கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கைகள் தாமாகவே பதில் சொல்லின. அத்தான் தொலைக்காட்சியைத் தூக்கினார். அக்கா அரிசி மூட்டையை. பிள்ளைகள் காலணிகளை, அதுவும் புதுக் காலணிகளை மட்டும். நான் சாமி படங்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அம்மா ஒருவர் மட்டும் எதற்கும் அவசரப்படாமல், அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து, நெகிழிப் பையில் சுற்றிய கோப்பை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினார்.

அந்தக் கோப்பில் இருப்பவை காகிதங்கள்தான். அம்மா தோட்டத்தில் பிறந்தவர். பிறப்பைப் பதிய யாருக்கும் தோன்றாத காலம். நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு ஆண்டுக்கணக்காக அலுவலகம் அலுவலகமாக நடந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, கடைசியில் குடிமக்களுக்கான நீல அட்டை கிடைத்தபோது அவருக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்திருந்தார்கள். அந்த நடையின் ஒவ்வொரு ரசீதும் அதில் இருக்கிறது. இந்த நாட்டில் பிறந்தும் அதை நிரூபிக்க முடியாத இந்தியர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால், அம்மாவின் கணக்கில் தொலைக்காட்சி ஒரு பொருளே அல்ல. தங்கத்தைக்கூட அவர் இரண்டாவதாகத்தான் கேட்டார்.

இருட்டியபின், எதிர்வரிசை ஒற்றைமாடி வீட்டுச் சீன அங்கிளை அத்தான் கயிறு பிடித்து அழைத்து வந்தார். இடுப்புக்கு மேல் தண்ணீர். அங்கிள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்திருந்தார். கையில் அவர் வீட்டு முன்னோர் மாடத்திலிருந்த ஊதுவத்திச் சாம்பல் கிண்ணம். அதை எங்கள் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று மலாயில் கேட்டார். அம்மா படத்தைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார்.

*

மாடியில் எங்களிடம் அரிசி இருந்தது, அடுப்பு இல்லை. கேஸ் தோங், அதாவது சிலிண்டர், கீழே சமையலறையில் மூழ்கிக் கிடந்தது. குக்கர் மேலே வந்துவிட்டது, மின்சாரம் போய்விட்டது. அவசரத்தில் எடுத்தவற்றின் முட்டாள்தனம் மெதுவாகத்தான் புலப்படும். அக்கா அரிசியோடு தெரியாமல் அள்ளி வந்த பையில் அவல் இருந்தது. கூரைத் தொட்டியில் தண்ணீர் மிச்சமிருந்ததால் குழாயில் வந்தது. ஊறவைத்த அவலும் சர்க்கரையும், பால் கலக்காத மைலோவும். அங்கிள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கைப்பேசிகளில் ஒன்றை மட்டும் திறந்து வைப்பது என்று முடிவானது. அதில் இருப்பிடக் குறியை எல்லாருக்கும் அனுப்பியாயிற்று. பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை.

செய்வதற்கு எதுவும் இல்லாத அந்த நிலையை நான் முன்பு அறிந்ததில்லை. பிரார்த்தனையில்கூட ஏதோ செய்துகொண்டுதான் இருக்கிறோம். அன்று படிக்கட்டின் உச்சியில் உட்கார்ந்து, எந்தப் படி வரை தெரிகிறது என்று கைவிளக்கை அடித்துப் பார்ப்பது மட்டுமே வேலை. பயம் இருந்தது, ஆனால் தொடர்ந்து இருக்கவில்லை. வரும், போகும், நடுவில் தூக்கமும் வரும். கீழே குளிர்சாதனப் பெட்டி மிதந்து சுவரில் முட்டும் ஓசை. முதல் முறை எல்லோரும் எழுந்து நின்றோம். அப்புறம் அது முட்டாவிட்டால்தான் கவனித்தோம்.

மார்கழி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. விடியலில் கோயில் ஒலிபெருக்கி கேட்கும் நேரத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா தானாகவே திருவெம்பாவையை முணுமுணுக்கத் தொடங்கினார். குளத்தில் இறங்கி நீராடும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். இருட்டில் முதலில் அவர்தான் சிரித்தார்.

*

அன்று கைப்பேசியைத் திறந்த ஒரு சமயத்தில் ஸ்கார்பரோவிலிருந்து சித்தி மகளின் அழைப்பு. 2013 டிசம்பரில் டொராண்டோவை உறைமழை மூடி, 3 லட்சம் இணைப்புகளில் மின்சாரம் போனபோது, நாங்கள் அவளுக்கு அழைத்திருந்தோம். அப்போது அவர்கள் குளிர்சாதனப் பெட்டியிலிருந்த கறியையும் பாலையும் எடுத்து வெளியே மாடத்தில் வைத்துவிட்டு, வீட்டுக்குள் குளிர்சட்டையோடு போர்வைகளில் கிடந்தார்கள். "பனி வாசலோட நின்னுருங்க்கா. உள்ள வர்றது குளிர் மட்டுந்தான்" என்று அக்காவிடம் சொன்னாள். ஆறுதலாகச் சொன்னாளா தெரியவில்லை. ஆனால் வீட்டுக்குள் முடங்கியவர்கள் பேசிக்கொள்ளும் பேச்சு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: எத்தனை மெழுகுவத்தி மிச்சம், யார் வீட்டில் வயதானவர், யாருக்கு மருந்து தீர்ந்துவிட்டது.

*

படகு வந்தது. யாரோ ஒருவருடைய மீன்பிடிப் படகு, ஓட்டியவர்கள் சீருடை இல்லாத பையன்கள். உதவி தாமதமானதைப் பற்றி நாடு முழுக்கப் பேசினார்கள். அப்போதைய பிரதமர் இஸ்மாயில் சப்ரியே குறைகள் இருந்ததை ஒப்புக்கொண்டார். ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நாடளாவிய இழப்பைப் புள்ளிவிவரத் துறை 6.1 பில்லியன் ரிங்கிட் என்று கணக்கிட்டது. குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் உதவித்தொகை கிடைத்தது. குருத்வாராவில் சமைத்த சோற்றுப் பொட்டலங்களைச் சாப்பிட்ட நாட்களை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது.

*

நான் குடியிருப்பது பிரிக்பீல்ட்ஸில். இங்கும் அதே ஆறு, நகரத்தைத் தாண்டிய உடனே. 1881-இல் கோலாலம்பூரை முதலில் தீ தின்றது, பிறகு வெள்ளம் கொண்டுபோனது. பலகையும் அத்தாப்பு ஓலையும் இனி வேண்டாம், செங்கல்லால் கட்டுங்கள் என்று ஆங்கிலேய நிர்வாகி பிராங்க் சுவெட்டன்ஹம் உத்தரவிட, இங்கே சூளைகள் எரிந்தன. 1971 ஜனவரியில் நகரம் மறுபடி மூழ்கியது. அதற்குப் பிறகு அணைகள், 2007-இல் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கம். மழைநீரை நகர மையத்துக்கு முன்பே பிடித்து, தேசா பக்கக் குளத்தில் தேக்கி, கெராயோங் ஆற்றில் விடுகிறது. கெராயோங் கிள்ளான் ஆற்றில்தான் சேர்கிறது.

சுரங்கத்தைக் குறை சொல்லவில்லை. அது காக்கக் கட்டப்பட்டதைக் காக்கிறது. ஆற்றின் கீழ்ப்போக்கில், சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் வீடு வாங்கியவர்களை யாரும் அதன் வரைபடத்தில் சேர்க்கவில்லை, அவ்வளவே. அக்கா வீடு வாங்கியபோது தரகர் பள்ளிக்கூடத்தையும் கடைத்தெருவையும் காட்டினார். மதகையும் நீரேற்று நிலையத்தையும் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் வாங்கியிருப்போம். அந்த விலைக்கு வேறெங்கே?

*

தண்ணீர் வடிந்த வீட்டில் மிச்சமிருந்தவை: சேறு, டீசல் வாடை, ஊதிப் பிளந்த அலமாரிகள், கல்யாண ஆல்பத்தின் அட்டை. அம்மிக்கல் இருந்த இடத்திலேயே இருந்தது. தன்னார்வலர்கள் உயர்அழுத்தக் குழாயால் தரையைக் கழுவியபோது அக்கா அழவில்லை. எதிர்ச்சாரியில் தூக்கிப்போட்ட மெத்தைகளின் குவியல் கூரை உயரத்துக்கு ஏறியபோது, அதில் தன் மெத்தை எது என்று தேடினாள். அப்போது அழுதாள்.

*

அவர்கள் வீட்டை விற்கவில்லை. விற்றால் யார் வாங்குவது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மின்சாரச் செருகுவாய்களைத் தோளுயரத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். மழை ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அத்தான் காரைக் கொண்டுபோய் மேடான இடத்தில் விட்டுவிட்டு நடந்து வருகிறார். கோப்பு இப்போது மாடியில்தான் இருக்கிறது.

போன வாரம் சமையலறை அலமாரிக்கு அளவெடுக்க ஆள் வந்தார். "பலகை வேணாங்க்கா. அலுமினியம் போட்டுருங்க, கழுவிக்கலாம்" என்றார். அக்கா சரி என்றுவிட்டு அவரை மாடிக்கு அழைத்துப் போய், பால்கனி ஓரத்தில் ஒரு கேஸ் தோங்கும் ஒற்றை அடுப்பும் வைக்கும் அளவுக்கு மேடை போட எவ்வளவு ஆகும் என்று கேட்டாள். அவர் சொன்ன தொகையைக் கேட்டு அத்தான் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அக்கா டிசம்பருக்கு முன்னால் வேண்டும் என்று முன்பணம் கொடுத்துவிட்டாள்.