நாவும் வயிறும்

சென்னையிலிருந்து திருவேங்கடத்திற்குச் செல்லும் வழியில் உள்ளது திருத்தணிகை. அங்குள்ள 365 படிகளையும் ஏறி இறங்கிய யாத்திரிகருக்கு வெறும் தயிர்ச்சோறும் அமுதமாய் இனிக்கிறது. ஆனால் முதற் கவளம் தந்த சுவையை இருபதாம் கவளம் தருவதில்லை. சோறு மாறவில்லை; உண்பவருடைய உடலின் நிலையே மாறியது. இந்தச் சுவையின்பம் ஆரோக்கியத்திற்குப் பகையா, துணையா?

பகை என்றே பலர் கருதுவர். கசப்பதெல்லாம் மருந்து, இனிப்பதெல்லாம் நோய் என்பது அவர்கள் துணிபு. கீதாசார்யன் அவ்வாறு அருளவில்லை. 17ஆம் அத்தியாயத்தில் ஸாத்விக ஆகாரத்தை விவரிக்குமிடத்து, அது ஆயுளையும் பலத்தையும் நோயின்மையையும் வளர்ப்பதோடு சுகத்தையும் ப்ரீதியையும் வளர்ப்பது என்கிறான். சுவையுடையது, மனத்துக்கு இனியது என்றும் சேர்த்துக் கூறுகிறான். ராஜஸ உணவின் குறையோ, மிகுந்த காரமும் புளிப்பும் உப்பும் பின்னர்த் துன்பத்தையும் பிணியையும் தருவது. ஆந்திர எல்லையை அடுத்த இப்பகுதியில் ஆவக்காய்ப் பிரியர்கள் இதனால் மனம் தளர வேண்டியதில்லை. ‘மிகுந்த’ என்பதன்மேல் கருத்தைச் செலுத்தினால் போதும்.

1971இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் மிஷேல் கபனாக் இதற்கு இசைவான ஒன்றை எடுத்துக்காட்டினார். பசித்திருக்கையில் இனிதாயிருந்த சர்க்கரைநீர், வயிற்றினுள் குளுக்கோஸ் சென்ற பின்னர் அதே நாவுக்கு வெறுப்பாகிவிடுகிறது. ஆகவே இன்பம் என்பது உடல் அனுப்பும் தூது. அத்தூது வந்துசேரச் சற்றுக் காலம் பிடிக்கும். பஸ் புறப்படும் அவசரத்தில் விழுங்குபவர், ‘போதும்’ என்னும் செய்தி எட்டுமுன்பே அளவைக் கடந்துவிடுகிறார். தொன்னையில் ஒரு பிடி புளியோதரையை நின்று நிதானமாகச் சுவைப்பவர்க்கோ அந்தச் சிறிதளவே நிறைவைத் தருகிறது.

எனினும் நாவின் சாட்சியம் எப்போதும் நம்பத்தக்கதன்று. வயிறு நிறைந்த பின்னும் ஜிலேபியைக் கண்டால் அது மீண்டும் விழித்துக்கொள்ளும். நீரிழிவுடையவரின் இனிப்பு விருப்பத்தை உடலின் தேவையாகக் கொள்ளலாகாது. திருவிழா நாளாயினும், பிரசாதமே ஆயினும், அங்கு வைத்தியர் சொல்லே பிரமாணம். காமாலைக் கண்ணுக்கு வெண்சங்கும் மஞ்சளாய்த் தோன்றுவதால் கண்ணையே எவரும் வெறுப்பதில்லையே!

திருப்பாவையின் 2ஆம் பாசுரத்தில் நெய்யையும் பாலையும் விலக்கிய ஆயர் சிறுமியர், 27ஆம் பாசுரத்தில் நெய் மிகப் பெய்த பாற்சோற்றைத் தோழியருடன் ஒருங்கே அமர்ந்து உண்ண விழைகின்றனர். முன்பு விலக்கியது நெய்யின்மீது கொண்ட வெறுப்பினால் அன்று. நோன்புக் காலம் அது. பின்பு விரும்பியதும் தனித்திருந்து நிரப்பும் பசிக்காக அன்று.