திருடன் என்று கூவியவர்கள்

பத்தாவது சீக்கிய குரு கோவிந்த் சிங்கின் பெயரில் வழங்கும் தசம் கிரந்தத்தின் மிகப் பெரிய பகுதி சரித்ரோபாக்கியான். 1696இல் சட்லெஜ் கரையில் முடிக்கப்பட்டதாக நூலே சொல்கிறது. 400க்கும் மேற்பட்ட கதைகள். பெரும்பாலானவை பெண்களின் வஞ்சகமும் தந்திரமும் பற்றியவை. இது குரு கோவிந்த் சிங்கின் வாக்குதானா என்ற வழக்கு சீக்கியரிடையே இன்னும் ஓயவில்லை. சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாகிப்புக்குரிய இடம் இதற்கு இல்லை.

இக்கதைகளையெல்லாம் இணைக்கும் கதை இது: சித்ர சிங் என்ற அரசனின் ராணி ஒருத்தி, மூத்தாள் மகன் அனுவந்த் சிங்மேல் ஆசைப்படுகிறாள். அவன் மறுத்ததும் அவன்மீதே பழி போடுகிறாள். அரசன் மகனைக் கொல்லச் சொல்கிறான். அமைச்சர் கதை சொல்லிச் சொல்லி அந்த உயிரைக் காக்கப் பார்க்கிறார். தமிழ்நாட்டில் இதை யாராவது சொன்னால், கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் 'இது நம்ம சாரங்கதரன் கதையாச்சே' என்பார்கள். அந்தக் கதையில் சிற்றன்னை சித்ராங்கி சொன்ன பொய்யை அரசன் நம்பினான். பிள்ளையின் கையும் காலும் வெட்டுண்டன.

உயிர் காக்கும் கதைக்கு எதைச் சொன்னாலும் தகுமா? அமைச்சர் ஒரு ராணியின் பொய்யை உடைக்கப் பெண்குலத்தையே சந்தேகத்தில் நிறுத்துகிறார். தசரதனுக்குத் தேரோட்டிய கைகேயியின் துணிவும், பல்லக்குகளில் வீரரை ஒளித்துக் கணவனை மீட்ட பத்மினியின் சூழ்ச்சியும் இடையிடையே வரத்தான் செய்கின்றன. ஆனாலும் மொத்தச் சாய்வு மாறவில்லை. நிரபராதி ஒருவனின் விடுதலைக்கான விலையை, அங்கே இல்லாத நிரபராதிகள் செலுத்துகிறார்கள். நம் அலகேச ராஜா கதையிலும் அமைச்சர் உயிருக்கு ஆபத்து வருகிறது. அங்கே சொல்லப்படும் கதைகள் ஆத்திரத்தில் கொல்லப்பட்ட கீரியையும் நாயையும் காட்டி, அரசனின் அவசரத்தையே குற்றக் கூண்டில் ஏற்றுகின்றன. யாரையும் இழிவுபடுத்தாமலே ஓர் உயிருக்காக வாதாடலாம் என்பதற்கு அதுவே சான்று.

சரித்ரோபாக்கியானின் 21ஆம் கதை முதல் 23ஆம் கதை வரை இன்னும் நுட்பமான சிக்கல். ஆனந்த்பூரில் அனூப் கௌர் என்பவள், மந்திரம் உபதேசிப்பதாக ஆசை காட்டி ஓர் அரசனை இரவில் வரவழைக்கிறாள். அந்த அரசர் குரு கோவிந்த் சிங்கேதான் என்று கருதுவோர் பலர். பிறர் மனை நாடுவதில்லை என்ற விரதத்தில் அவர் உறுதியாக நிற்கிறார். அவள் 'திருடன், திருடன்' என்று கூவுகிறாள். ஊர் திரள்கிறது. அவரோ அவளுடைய சகோதரனின் தாடியையும் தலைப்பாகையையும் பற்றி, 'இவன்தான் திருடன்' என்று காட்டிவிட்டுத் தப்புகிறார். கூட்டம் அவனை அடித்து வீழ்த்துகிறது.

வலையில் சிக்கியவர் அறுத்துக்கொண்டு ஓடுவதில் குற்றமில்லை. வஞ்சித்தவளிடம் உண்மை பேசக் கடமைப்பட்டவர் என்றும் சொல்ல முடியாது. குற்றமற்ற நன்மைக்காகச் சொல்லும் பொய்க்கு வள்ளுவரும் இடம் தருகிறார். ஆனால் அந்த 'குற்றமற்ற' என்ற நிபந்தனைதான் இங்கே முறிகிறது. அரசரின் பொய் அவளைத் தொடவில்லை. தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிவந்தவன் முதுகில் விழுந்தது. விரதம் காத்தது பெருமைதான். அதைக் காக்கப் பட்ட அடி அவருடையதல்ல.

கதை இதோடு நிற்கவில்லை என்பது அதன் நேர்மை. பின்னர் அரசர் அவளிடம் மன்னிப்புக் கேட்டு, 6 மாதத்துக்கு 20,000 டக்கா மானியமும் ஏற்பாடு செய்கிறார். தன் தந்திரமும் தந்திரமே என்று உணர்ந்தவரால்தான் அப்படிச் செய்ய முடியும். எதிரியிடமே மன்னிப்புக் கேட்டவர், அடிபட்ட சகோதரனிடம் அல்லவா முதலில் போயிருக்க வேண்டும்?