‘ஏன்?’ என்று ஒரு கட்டம்

நன்கொடை திரட்டும் படிவத்தில் என் பெயர், படம், திரட்ட நினைக்கும் தொகை எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். கடைசிக் கட்டத்தில்தான் கை நின்றது. ‘இதை ஏன் செய்கிறீர்கள்?’ பத்து நிமிஷம் யோசித்துவிட்டு, ‘2009ல் தொண்டைப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்த என் அப்பாவுக்காக’ என்று எழுதினேன். பொய்யில்லை. ஆனால் பாக்ஸிங்குக்குப் பெயர் கொடுத்தபோது அப்பா என் நினைவிலேயே இல்லை.

லெஸ்டரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 43. இங்கிலாந்தில் ‘ஒயிட் காலர் பாக்ஸிங்’ ஊருக்கு ஊர் நடக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தே தேய்கிறவர்களுக்கு எட்டு வாரம் இலவசப் பயிற்சி. பதிலுக்கு டிக்கெட் விற்க வேண்டும், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டித் தரவேண்டும். கடைசியில், எடையும் அனுபவமும் ஒத்த ஒருவரோடு இரண்டிரண்டு நிமிஷமாக மூன்று ரவுண்டு. நியூயார்க்கின் புரூக்ளினில் இருக்கும் க்ளீசன்ஸ் ஜிம்மில் 1980களின் கடைசியில் படித்த உத்தியோகஸ்தர்கள் ஆசைக்கு மோதிக்கொண்டதில் தொடங்கிய பழக்கம் இது. அங்கே ஆசை மட்டும் போதுமாக இருந்தது. இங்கே அதற்குத் தர்மமும் துணைக்கு வந்து சேர்ந்தது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். ராயபுரத்துக்காரி. “அடி வாங்கிக்கினாத்தான் துட்டு குடுப்பாங்களாடா? சும்மா கேட்டா குடுக்க மாட்டாங்களா?” என்றாள்.

மாட்டார்கள். போன வருஷம் இதே ஆராய்ச்சிக்காக ஆபீஸ் வரவேற்பறையில் ஒரு டப்பா வைத்தேன். சில்லறை விழுந்தது. இந்த முறை, என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசியிராத சம்பளப் பிரிவுக்காரர் இருபது பவுண்டு போட்டார். அலகு குத்தி வருகிறவன் தட்டில் விழுகிற காசு, ஓரமாகக் கும்பிட்டு நிற்கிறவனுக்கு விழுமா? கொடுக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் கொடுத்துவந்திருக்கிறேன்.

என்னை உறுத்தியது வேறு. எட்டாம் வகுப்பில், பள்ளிக்கூடப் பின்சுவரோரம் ஒருத்தன் என்னை அடிக்க வந்தான். ஓடினேன். ஒரு செருப்பு அங்கேயே கிடந்துவிட்டது. மறுநாள் அவனே அதைக் கொண்டுவந்து என் பெஞ்சுக்கடியில் வைத்துவிட்டுப் போனான். முப்பது வருஷமாக அந்தச் செருப்பு என்னை விடவில்லை. ஒருவன் அடிக்க வந்தால் நிற்பேனா என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதைப் போய் எந்தக் கட்டத்தில் எழுதுவது? இரண்டு பிள்ளைகளும் வீட்டுக் கடனும் உள்ளவன் “எனக்குச் சண்டை போடணும்” என்றால் கவுன்சலிங்குக்கு அனுப்புவார்கள். “புற்றுநோய் ஆராய்ச்சிக்காக” என்றால் தோளில் தட்டுகிறார்கள்.

பயிற்சியில் முதலில் கற்றது குத்துவதை அல்ல, கையில் பட்டை சுற்றுவதை. நாலரை மீட்டர் துணி. கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டிகள் மேல் மூன்று, பிறகு விரலிடுக்குகள் வழியாக. முதல் நாள் கால் மணி நேரம் பாடுபட்டுச் சுற்றியதைப் பயிற்சியாளர் ஒரே இழுப்பில் அவிழ்த்துப்போட்டார். அதன்பின் எட்டு வாரமும் அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: இடது கையால் குத்தியதும் அதைக் கன்னத்துக்குக் கொண்டுவா, தொங்கப்போடாதே. நான் தொங்கப்போட்டேன். மூக்கில் விழுந்த முதல் குத்து வலிக்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது, கோபம் வந்தது, அதுவும் போய் ஒருவித நிதானம் வந்தது. ஓடவில்லை. ஓடுவதற்கு அங்கே இடமும் இல்லை என்பது வேறு விஷயம்.

ஐந்தாவது வாரம் மனைவி போனைச் சாப்பாட்டு மேஜையில் திறந்து வைத்துவிட்டுப் போனாள். 2022ல் வூஸ்டர் நகரில் இப்படியொரு தொண்டுப் போட்டியில் மோதிய இளைஞர் இறந்துபோன செய்தி. தொழில்முறை பாக்ஸிங்கைக் கண்காணிக்க இங்கே ஓர் அமைப்பு உண்டு, அமெச்சூருக்கு ஒன்று உண்டு. நாங்கள் ஆடுவது இரண்டிலும் சேராது. எங்களுக்கு 16 அவுன்ஸ் க்ளவுஸ், தலைக்கவசம், டாக்டர் பரிசோதனை எல்லாம் உண்டு என்றேன். தலைக்கவசம் தோல் கிழிவதைத் தடுக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது என்று அவள் ஏற்கெனவே படித்திருந்தாள். “கணக்குதானே எழுதுறீங்க? நாலு உயிரைக் காப்பாத்த ஒரு உயிரைப் பணயம் வைக்கிறதைக் கொஞ்சம் டேலி பண்ணிக் காட்டுங்க.”

என்னிடம் பதில் இல்லை. “அப்பாவுக்காக” என்றேன். அவள் அதன்பின் பேசவில்லை. இந்த விவகாரத்தில் நான் செய்த அசிங்கமான காரியம் அதுதான். ரிங்கில் உயர்த்தத் தெரியாத கையை வீட்டில் அப்பாவை வைத்து உயர்த்திக்கொண்டேன்.

அப்பாவுக்கு பாக்ஸிங் பைத்தியம் உண்டு என்பதே அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. 1980ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். அப்பா கடைசி வரிசையில் இருந்தாராம். அலி கட்டைவிரல் உயரம்தான் தெரிந்தார் என்று கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டுவார். எழுதிவிட்ட காரணத்துக்குப் பின்னால் ஓடிப்போய் அதை உண்மையாக்கப் பார்க்கிறேனோ என்று சந்தேகம்தான். ஆனாலும் அந்தக் கட்டைவிரல் நினைவுக்கு வந்தபிறகு பட்டை சுற்றும்போதெல்லாம் அவர் வந்தார்.

போட்டியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எதிரே ஒரு பிளம்பர். நல்ல மனிதர், வலது கை மட்டும் மோசம். மூன்று ரவுண்டும் நின்றேன், தோற்றேன். ஆயிரத்துச் சொச்சம் பவுண்டு சேர்ந்தது. அவருடைய நன்கொடைப் பக்கத்தில் அவர் அக்காவின் பெயர் இருந்தது. உடைமாற்றும் அறையில் ஐஸ் பையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம். அக்காவைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை.

வீடியோவை அம்மாவுக்கு அனுப்பினேன். வீங்கிய இடது கண்ணைப் பார்த்து அழுவாள் என்று தயாராக இருந்தேன். போன் வந்தது.

“ஏன்டா, குத்திட்டு இடது கைய எதுக்குடா கீழ போட்ட?”