மொய் நோட்டில் ஏறாத பரிசு

நம் வீடுகளில் எந்தப் பீரோவைத் திறந்தாலும் ஒரு தட்டில் ரவிக்கைத் துண்டுகள் அடுக்கியிருக்கும். கொலுவுக்குப் போன வீட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தது, வளைகாப்பில் வந்தது, கிரகப்பிரவேசத்தில் வந்தது. 80 சென்டிமீட்டர் துணி, கடைக்காரர் மடித்த மடிப்புக் கலையாமல் கிடக்கும். அடுத்த நவராத்திரியில் மஞ்சள் குங்குமத்தோடு இன்னொரு வீட்டுக்குப் போகும். அங்கிருந்து வேறொரு வீட்டுக்கு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதால்தான் அது அத்தனை வீடு சுற்றுகிறது.

அதே துண்டை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, கத்தரியை வைத்த நிமிஷம் அந்தச் சுற்று நின்றுவிடும். வெட்டிய துணி இனி ஒருவருக்குத்தான். தைக்கிறவர்கள் எல்லோருக்கும் பழக்கமான ஒரு தயக்கம் உண்டு. கத்தரி இறங்குவதற்கு முன் டேப்பை எடுத்து இன்னொரு தடவை அளந்து பார்ப்பார்கள். துணி வீணாகிவிடுமே என்ற பயம் இருக்கத்தான் செய்கிறது. அதோடு, அவருக்கு இது சரியாக இருக்குமா என்று மனசு கடைசியாக ஒரு முறை கேட்டுக்கொள்கிறது.

கடையில் பரிசு வாங்குகிறவர் பொருளைப் பார்த்தால் போதும். தைக்க உட்காருகிறவர் ஆளைப் பார்த்தாக வேண்டும். தோள்பட்டை பிடித்துக்கொண்டு கை தூக்க முடியாத அம்மாவுக்குத் தலைவழியாக மாட்டுகிற நைட்டி ஆகாது. முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி வெட்டி, பிடிக்கத் தோதாகப் பெரிய பட்டன் வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாட்டுப் பை தைப்பதென்றால், பிள்ளை கொண்டுபோகிற டப்பா வட்டமா சதுரமா, குழம்பு சாயாமல் நிற்க அடிப்பக்கம் எவ்வளவு அகலம் வேண்டும் என்று தெரிய வேண்டும். இதையெல்லாம் அவர்களிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் பரிசு என்ன என்று தெரிந்துவிடும். அதனால் நாலு நாள் அவர்களைக் கவனிப்போம். கூடவே இருக்கிறவர்களை அப்படிக் கவனித்துப் பார்த்து எத்தனை நாளாகியிருக்கும்!

தையல் வகுப்புக்குப் போகாதவரும் செய்யக்கூடியது சுருக்குப்பை. ஒரு காலத்தில் வெற்றிலையும் சில்லறையும் வைத்துக் கிராமத்துப் பெண்கள் இடுப்பில் செருகிக்கொண்டது. இப்போது வீட்டுப் பெரியவர்களின் காது மெஷினுக்கு அதைவிடத் தோதான உறை இல்லை. துணியை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்து, இரண்டு ஓரத்தையும் தைக்க வேண்டும். வாய்ப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குத் தைக்காமல் விட்டு, அந்த இடத்தை மடித்து நாடா போவதற்குப் பட்டி அடிக்க வேண்டும். பிறகு பையை நல்ல பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பாவாடைக்கு நாடா கோப்பதைப் போல, ஒரு ஊக்கில் நாடாவை மாட்டிப் பட்டிக்குள் விட்டு, சுற்றிவந்து புறப்பட்ட பக்கமே வெளியே எடுக்க வேண்டும். இரண்டாவது நாடாவை எதிர்ப்பக்கத்திலிருந்து அதே மாதிரி கோக்க வேண்டும். இரண்டையும் இரு பக்கமும் இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். கை நடுங்குகிற பெரியவரால் ஜிப்பின் சின்ன நாக்கைப் பிடிக்க முடியாது; நாடாவை இழுக்க முடியும். முதல் பையில் தையல் கோணல்மாணலாகத்தான் வரும். பைக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

விலை பார்த்தால் இது கட்டாத வேலை. திருப்பூர் பனியன் துணியில் தைத்த குழந்தைச் சட்டை கடைத்தெருவில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் தைக்கிறவரின் ஒரு மத்தியானத்துக்குக் கூலி போட்டால், அந்தக் காசுக்கு அப்படி நாலைந்து சட்டை வாங்கிவிடலாம். ஆகவே சிக்கனம் என்று சொல்லி யாரையும் தைக்கச் சொல்ல மாட்டேன். தைத்துக் கொடுப்பதன் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது.

எங்கள் தெருவில் ஓர் அத்தை இருந்தார். சின்ன வயதிலேயே கணவரை இழந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவர். தனக்கென்று கையில் காசு வைத்திருந்து நான் பார்த்ததில்லை. பிறந்த குழந்தைக்குப் புண்ணியதானம் ஆகும்வரை புதுத்துணி போடக்கூடாது என்பது நம்மில் பல குடும்பங்களின் வழக்கம். கஞ்சியும் சாயமும் போகாத புதுத்துணியைவிட, பல வருடம் துவைத்து மெத்தென்றாகிவிட்ட வேட்டிதான் அந்தப் பிஞ்சு உடம்புக்கு ஏற்றது. தெருவில் யாருக்காவது பிரசவம் என்று கேள்விப்பட்டால் அத்தை அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். “மதினி, அண்ணனோட பழைய வேட்டி ஒண்ணு எடுத்துக் குடுங்க” என்பார். மறுநாள் அந்த வேட்டி ஜப்லாக்களாகத் திரும்பி வரும்.

அவர் தைத்த ஜப்லாவை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. துணியை மடித்து, தோளில் தையலே வராமல் வெட்டுவார். பட்டன் கிடையாது, கொக்கி கிடையாது. முதுகுப்பக்கம் முடிந்துகொள்ள அதே வேட்டியில் கிழித்த இரண்டு நாடா. பக்கவாட்டுத் தையலின் பிசிறை மட்டும் சட்டையின் வெளிப்பக்கம் தெரியும்படி விட்டுவிடுவார். பார்க்கிறவர்களுக்குச் சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றும். பிசிறு உள்ளே இருந்தால் குழந்தையின் அக்குளில் உரசிச் சிவந்துவிடும். பார்க்கிறவர் கண்ணுக்கு அழகா, போட்டிருக்கிற உடம்புக்குச் சுகமா என்ற கேள்வி வந்தால், அத்தையின் ஊசி எப்போதும் உடம்பின் பக்கம்தான் நின்றது. யாராவது காசு கொடுக்க வந்தால், “ஒங்க வீட்டு வேட்டிதானே, எனக்கு எதுக்குக் காசு?” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். தாத்தாவின் வேட்டி பேரன் உடம்பில் ஏறுவதற்கு நடுவில், அவர் போட்ட நூல் மட்டும்தான் அவருடைய பங்கு என்பது அவர் எண்ணம்.

அதே அத்தை கல்யாண வீடுகளுக்கு அதிகம் போகமாட்டார். அதற்குக் காரணம் வாசலில் போட்டிருக்கும் மேசை என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. மொய் எழுதுகிறவர் ஊரையும் பெயரையும் கேட்டு, தொகையை உரக்கச் சொல்லி நோட்டில் ஏற்றுவார். மொய்யைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. கடன் வாங்காமல் கல்யாணம் முடிக்கவும், கிணறு வெட்டவும், பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் ஊர் கூடிக் கொடுக்கும் கை அது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமங்களில் ஆடி மாதத்தில் அதற்கென்றே விருந்து வைக்கிறார்கள். ஆனால் அந்த நோட்டு ஒரு கணக்கு. வாங்கியதைத் திருப்ப வேண்டும், கொஞ்சம் கூட்டித் திருப்ப வேண்டும். திருப்ப வழியில்லாதவருக்கு அந்த மேசையைத் தாண்டிப் பந்திக்குப் போகக் கால் வராது. சொந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் இருந்துவிட்ட பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

வறுமை வயிற்றில் அடிக்கும் என்பதைத்தான் நாம் அதிகம் பேசுகிறோம். அதற்கும் முன்னால் அது இன்னொன்றைச் செய்துவிடுகிறது. ஒருவரைக் கொடுக்கிறவர்களின் வரிசையிலிருந்து வாங்குகிறவர்களின் வரிசைக்குத் தள்ளிவிடுகிறது. அத்தையை அந்த வரிசைக்குப் போகவிடாமல் காத்தது ஓர் ஊசி. அவர் கொடுத்ததை எந்த நோட்டில், என்ன தொகை என்று எழுத முடியும்? எழுத முடியாததால் அதைத் திருப்பித் தரவும் முடியாது. எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். அவர் யாருக்கும் கடன்படவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடல் உள்ளே வந்த பிறகு, புதுச்சேரியை ஒட்டிய மீனவ ஊர்களில், அத்தைக்கு ஊசி செய்த அதே காரியம் பெரிய அளவில் நடந்தது. வீடும் படகும் உறவும் போன பெண்கள் மாதக்கணக்கில் வரிசையில் நின்று அரிசியும் பாயும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆரோவில்லில் உமா பிரஜாபதி நடத்திவந்த உபாசனா என்ற ஆடை வடிவமைப்புக் கூடம் அவர்களுக்கு ஒரு கைவேலை பழக்கியது. ஆடை வெட்டி மிஞ்சிய துண்டுத்துணியில் விரல் நீளம்கூட இல்லாத ஒரு குட்டிப் பொம்மை. அதற்கு சுனாமிகா என்று பெயர். செய்கிற பெண்களுக்குக் கூலி உண்டு. பொம்மைக்கு மட்டும் விலை கிடையாது. அதை யாரும் விற்கக்கூடாது, பரிசாகத்தான் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மனமிருப்பவர்கள் அனுப்பிய நன்கொடையில் வேலை நடந்தது. அந்தக் கரையில் தைத்த பொம்மைகள் லட்சக்கணக்கில் உலகெங்கும் போயின.

விலை வைத்து விற்றிருந்தால் அது நல்ல தொழிலாக இருந்திருக்கும், அதுவும் தேவைதான். ஆனால் நிவாரண வரிசையில் நின்ற ஒரு பெண், முகம் தெரியாத ஒரு குழந்தைக்குத் தன் கையால் பரிசு அனுப்புகிறாள் என்பது வேறு. உலகம் அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவளும் உலகத்துக்குக் கொடுத்தாள். இழந்த எதையும் அந்தப் பொம்மை மீட்டுத் தந்திருக்காது. வாங்க மட்டுமே விதிக்கப்பட்டவள் என்ற நினைப்பை அது உடைத்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கையில் ஒன்றுமில்லாதவர் கொடுத்த இன்னொரு பரிசும் நினைவுக்கு வருகிறது. 1947 நவம்பரில் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்துக்குக் கல்யாணம். உலகெங்குமிருந்து 2,500க்கும் மேற்பட்ட பரிசுகள் வந்தன. உடைமை என்று எதுவும் வைத்துக்கொள்ளாத காந்தி என்ன அனுப்புவார்? தன் ராட்டையில் தானே நூற்ற நூலைக் கொடுத்து, அதில் ஒரு விரிப்பு பின்னச் செய்து, நடுவில் ‘ஜெய்ஹிந்த்’ என்ற எழுத்துகளோடு அனுப்பினார். மவுண்ட்பேட்டன் அதை லண்டனுக்கு எடுத்துப்போனார். நகைகளுக்கும் வெள்ளிப் பாத்திரங்களுக்கும் நடுவே ஒரு பருத்தி விரிப்பு. நேற்றுவரை தன் நாட்டை ஆண்ட குடும்பத்துக்கு, கையில் ஒன்றுமில்லாத அந்த மனிதர் தலை நிமிர்ந்து ஒரு பரிசு கொடுத்தார். ஊசியும் நூலும் யார் கையில் இருந்தாலும் இந்த வேலையைச் செய்யும். அந்த விரிப்பு செய்ததும் எங்கள் தெரு ஜப்லா செய்ததும் என் கண்ணுக்கு ஒன்றுதான்.

அதனால் வாங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். யாராவது தன் கையால் தைத்த ஒன்றை உங்களுக்குக் கொடுத்தால், பத்திரமாக எடுத்து வைத்துவிடாதீர்கள். பதிலுக்கு என்ன கொடுப்பது என்று அவசரப்பட்டு யோசிக்கவும் வேண்டாம். பை என்றால் கடைக்கு எடுத்துப்போங்கள், தலையணை உறை என்றால் இன்றைக்கே மாட்டுங்கள். கறை படட்டும், வெளுக்கட்டும். ஒரு நாள் ஓரம் பிரிந்தால் தூக்கிப் போடாமல், கொடுத்தவரிடமே கொண்டுபோய், இந்த இடத்தில் ஒரு தையல் போட்டுக் கொடுங்கள் என்று கேளுங்கள்.