ஷியோன் கோட்டையில் எழுதப்பட்டது

ஒரு கவிதை தான் பிறந்த இடத்தைக் காப்பாற்றுகிறதா, மறைத்துவிடுகிறதா என்று கேட்டால், இரண்டையும் செய்கிறது என்று சொல்லிவிட்டுக் காப்பி சாப்பிடப் போய்விடலாம். எனக்கு இந்தக் கேள்வி ஸ்தூலமாக எழுந்தது ஜெனீவா ஏரியின் கிழக்குக் கோடியிலுள்ள ஷியோன் கோட்டையில். (எங்கள் பி.ஏ. வகுப்பில் அதைச் 'சில்லான்' என்று உச்சரித்தோம், உச்சரித்தும் தேறினோம்.)

ஆல்ப்ஸ் மலைப்பகுதிக் கோட்டைகளில் இரண்டு ஜாதி. ஒன்றுக்கு உதாரணம் பவேரியாவின் நொய்ஷ்வான்ஸ்டைன். அரசன் இரண்டாம் லுட்விக் 1869இல் அஸ்திவாரமிட்டது. எந்த முற்றுகையையும் எதிர்பார்த்துக் கட்டப்படாதது. 1886இல் அவன் செத்த சில வாரங்களிலேயே ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கோட்டை மாதிரி ஜோடிக்கப்பட்ட ஒரு நாடகக் காட்சி அது. அதைப் பார்ப்பதில் தார்மீகச் சங்கடம் ஏதுமில்லை. ரசனைச் சங்கடம் உண்டு, அது வேறு விஷயம். ஷியோன் அப்படியல்ல. மலை ஏறக்குறையச் செங்குத்தாக ஏரிக்குள் இறங்கும் இடத்தில், கரையை ஒட்டிய பாறைத் தீவின் மேல் நிற்கிறது. மலைக்கும் நீருக்கும் நடுவே ஒரு பாதைக்குத்தான் இடம். கிரேட் ஸெயின்ட் பெர்னார்ட் கணவாய் வழியாக இத்தாலிக்குப் போகும் பாதை. ஸவாய் பிரபுக்கள் 12ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கே உட்கார்ந்து அந்தப் பாதையைக் காத்தார்கள், சுங்கம் வாங்கினார்கள். பாதையைப் பார்த்த பக்கம் அம்பெய்யும் துளைகள்; ஏரியைப் பார்த்த பக்கம் அழகிய ஜன்னல்கள். கட்டடம் தன் இரண்டு முகங்களையும் ஒளிக்கவில்லை. ஒளிப்பதெல்லாம் நாம்தான்.

உள்ளே போகிறவர்கள் தேடிப் போவது நிலவறைத் தூண் ஒன்றை. பிரான்ஸ்வா பொனிவார், ஜெனீவாவில் ஒரு மடத்தின் தலைவர், ஸவாய் டியூக்கை எதிர்த்த காரணத்தால் 1530 முதல் 1536 வரை இங்கே சிறையிருந்தார். அதில் கடைசி நான்கு வருஷங்கள் நிலவறையில். பெர்ன் நகரத்துப் படை கோட்டையைப் பிடித்தபோது விடுதலையானார். நடந்து நடந்து பாறையில் தடம் விழுந்துவிட்டது என்று அவரே பின்னால் எழுதிவைத்தார். 1816 ஜூனில் பைரன் ஷெல்லியோடு வந்து பார்த்தார். 'ஷியோன் கைதி' பிறந்தது. அதில் வரும் சகோதரர்களும் அவர்கள் சாவும் கற்பனை. எழுதும்போது பொனிவாரின் சரித்திரம் தனக்குப் போதுமான அளவு தெரியாது என்று பைரனே ஒப்புக்கொண்டார். ஒரு தூணில் பைரனின் பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது, மேலே கண்ணாடி போட்டுப் பாதுகாக்கிறார்கள். நான் போன அன்று கூட்டம் அங்கேதான். சங்கிலி மாட்டிய தூணைவிடக் கையெழுத்துத் தூணுக்கு மவுசு. கவிஞன் கைதியை ஜெயித்துவிட்டான்.

இதை ஒரு சிறு நகைப்போடு விட்டுவிடலாம், 1348 என்ற வருஷம் இல்லாவிட்டால்.

அந்த வருஷம் கொள்ளைநோய் தெற்கிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. யூதர்கள் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள் என்ற பேச்சு அதைவிட வேகமாக வந்தது. கோட்டைக்குப் பக்கத்து ஊரான வில்நெவிலும் ஏரியின் அக்கரையிலுள்ள தொனோனிலும் இருந்த யூதர்களைப் பிடித்து இங்கே அடைத்தார்கள். தொனோனைச் சேர்ந்த ரண வைத்தியர் பாலவிஞ்ஞி செப்டம்பர் 15ஆம் தேதி வதைக் கருவியில் ஏற்றப்பட்டார். இறக்கிய பின் வெகுநேரம் கழித்து ஒப்புக்கொண்டார் என்று ஆவணம் சொல்கிறது. டொலிடோவிலிருந்து வந்த ஒரு ராபி, கடிதம் கொண்டுவந்த சிறுவன், மெல்லிய தோல் பையில் தைத்த பொடி, அதைப் போட்ட ஊற்று எல்லாம் அந்த வாக்குமூலத்தில் உண்டு. பிறகு அவரை ஏரிமேல் படகில் க்ளாரன்ஸுக்குக் கொண்டுபோய் இன்னோர் ஊற்றை அடையாளம் காட்டச் சொன்னார்கள். காட்டினார். தேடியதில் ஒரு கந்தல் துணி அகப்பட்டது. விஷம் சுற்றிவந்த துணி அதுதான் என்று முடிவாயிற்று. கந்தல் துணி அகப்படாத ஊற்று எந்த ஊரில் இருக்கிறது?

க்ளாரன்ஸ் என்ற பெயர் இலக்கிய மாணவனுக்குப் பரிச்சயமானது. 1761இல் வெளிவந்த ரூஸோவின் 'ஜூலி' நாவலின் களம் அது. பைரனும் ஷெல்லியும் அந்த நாவலைப் படித்துக்கொண்டே ஏரியைச் சுற்றினார்கள். இலக்கிய யாத்ரீகர்கள் பின்னாளில் ரசித்த அதே நீரை, 1348இல் ஒரு மனிதர் காவலோடு, தனக்கெதிரான சாட்சியத்தைத் தானே காட்டிக்கொடுப்பதற்காகக் கடந்தார்.

இங்கே எழுத்தைப் பற்றி நாம் பழக்கமாகச் சொல்லும் ஒன்று ஆட்டங்காண்கிறது. ஸ்தூலமான விவரம் உண்மையின் அடையாளம் என்கிறோம். பூடகமாக எழுதுகிற இளம் கவிஞனிடம் 'பொருளைக் காட்டு, பெயரைச் சொல்' என்கிறோம். இந்த வாக்குமூலத்தில் தோல் பை இருக்கிறது, சிறுவன் இருக்கிறான், ஊர்ப்பெயர்கள் இருக்கின்றன. ஒரு நல்ல யதார்த்தக் கதைக்கு வேண்டிய விவரச் செறிவு அத்தனையும் உண்டு. வலியிலிருந்து பிடுங்கிய விவரம் அனுபவத்திலிருந்து வந்த விவரம் மாதிரியே தோற்றமளிக்கிறது. படிப்பவனுக்குக் காகிதத்தில் வித்தியாசம் தெரியாது.

ஷியோனில் உருவான எழுத்துக்களில் அதிகம் சாதித்தது எது என்று என்னைக் கேட்டால் பைரனைச் சொல்லமாட்டேன். ஸ்ட்ராஸ்பர்க் நகரசபை யூதர்கள் விஷயமாகப் பல ஊர்களுக்கு எழுதி விசாரித்தது. ஷியோன் கோட்டை அதிகாரி வாக்குமூலங்களைப் பிரதி எடுக்கச் செய்து அனுப்பிவைத்தார். நான் வங்கிக் குமாஸ்தா. 'அசலுடன் ஒப்பிடப்பட்டது' என்று முத்திரை குத்திக் கையெழுத்திடுவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. நகல் அசலோடு பொருந்துகிறதா என்பது மட்டுமே என் பொறுப்பு. அசல் சொல்வது நிஜமா என்பதல்ல. இந்தப் பிரிவினை இல்லாமல் எந்த அலுவலகமும் ஒரு நாள்கூட நடக்காது. ஷியோனில் பிரதி எடுத்தவன் ஒரு எழுத்தையும் மாற்றியிருக்க வேண்டியதில்லை. தொழில் முறையில் அவன் நேர்மையானவனாகவே இருந்திருக்கலாம். கொடுங்கோலனை வெறுப்பது சுலபம். அதற்கு பைரன் இருக்கிறார். இந்த நேர்மையான கையெழுத்துக்காரனை என்ன செய்வது என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

காலம் அப்படி, யாருக்கும் தெரியாது என்று அவனுக்காக வாதாடவும் முடியாது. நோய் யூதர்களையும் கொல்கிறது, யூதர்களே இல்லாத இடங்களிலும் பரவுகிறது என்று போப் ஆறாம் கிளெமென்ட் 1348இலேயே எழுதிவிட்டார். ஸ்ட்ராஸ்பர்க்கிலும் பேட்டர் ஷ்வார்பர் என்ற நகரத் தலைவர் கதையை ஏற்காமல் யூதர்களைப் பாதுகாக்கப் பார்த்தார். 1349 பிப்ரவரியில் தொழிற்சங்கங்கள் எழுந்து அவரைக் கவிழ்த்தன; சொத்துப் பறிபோய் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது அவருக்கு. பிப்ரவரி 14ஆம் தேதி யூதர்களை எரித்தார்கள். சுமார் 2000 பேர் என்று அந்நகரத்துப் பழைய சரித்திரக் குறிப்பு சொல்கிறது. கொள்ளைநோய் அப்போது ஸ்ட்ராஸ்பர்க்கை வந்தடைந்திருக்கவில்லை.

இதெல்லாம் தெரிந்தபின் ஏரியைக் குற்றவுணர்ச்சியோடுதான் பார்க்கவேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பாவனை. நிலவறையின் குறுகிய துவாரங்கள் வழியாக வெளிச்சம் வந்து விழுகிறது. தூண்கள் தேவாலயத் தூண்களைப்போல எழுந்து மேலே விரிகின்றன. அழகாகத்தான் இருக்கிறது. அழகு பொய்யென்று நிரூபிக்க எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கோட்டையைக் கட்டியவர்களும் ஏரிப்பக்கம் ஜன்னல் வைத்தது அதற்காகத்தானே.

மறுநாள் படகேறி க்ளாரன்ஸ் போனேன். பாலவிஞ்ஞி கடந்த அதே நீர். ஊற்றைப் பற்றி, துணியைப் பற்றி, துணியின் கறையைப் பற்றியெல்லாம் விஸ்தாரமாகப் பேசும் ஆவணங்களை இவ்வளவு தூரம் படித்த எனக்கு, அவர் படகில் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார் என்ற யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது. க்ளாரன்ஸ் வந்ததும் எல்லோரோடும் இறங்கினேன்.