தெரியாத இடம்

சீடன்: ஐயா, எதிராளி எதை விரும்புகிறான் என்பது பாதிதான் தெரிகிறது. அப்படிப்பட்ட பூசலைக் கணக்காக எழுத முடியுமா?

குரு: முடியும். 1962 அக்டோபரை எடுத்துக்கொள். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது 16ஆம் தேதி அமெரிக்க அதிபர் கென்னடிக்குத் தெரியவந்தது. அவர் முன் என்னென்ன வழிகள் இருந்தன?

சீடன்: சும்மா இருக்கலாம், கடல்வழியை மறிக்கலாம், குண்டு வீசலாம், படையெடுக்கலாம். சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஏவுகணைகளை வைத்துக்கொள்ளலாம், திரும்ப எடுக்கலாம், மோதலைப் பெரிதாக்கலாம்.

குரு: இருவர் தெரிவும் சேர்ந்து உண்டாகும் ஒவ்வொரு நிலையையும் ஒரு புள்ளியாக வை. ஒருவர் தன் தெரிவை மாற்றி எங்கே நகர முடியுமோ, அங்கே கோடு இழு. கில்கர், ஹிப்பல், ஃபாங் மூவரும் 1987இல் தந்த வரைபட மாதிரியின் அடிப்படை இதுதான். இனி, இருவருக்கும் எந்தப் புள்ளி எதைவிட மேல் என்று எழுது.

சீடன்: அங்கேதான் கை நின்றுவிடுகிறது. குண்டு விழுந்தால் குருஷ்சேவ் பின்வாங்குவாரா, பெர்லினில் பதிலடி கொடுப்பாரா?

குரு: கை நின்ற இடத்தில் 'தெரியாது' என்று எழுது.

சீடன்: எதிராளியைப் பல வகையினராகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் நிகழ்தகவு தரலாம் என்று ஆட்டக் கோட்பாட்டாளர் ஹர்சான்யி 1967-68இல் காட்டினாரே?

குரு: ஏலம்போல் அடிக்கடி நடப்பதற்கு அது நல்ல வழி. முன்பு நடந்தே இராத நெருக்கடியில் அந்த எண் எங்கிருந்து வரும்? பயந்தவன் ஓர் எண் சொல்வான், துணிந்தவன் வேறோர் எண் சொல்வான். எண்ணை எழுதிவிட்டால் அறியாமை அறிவு வேடம் போட்டுக்கொள்ளும்.

சீடன்: 'தெரியாது' என்றே விட்டால் முடிவெடுப்பது எப்படி?

குரு: ஒவ்வோர் அடியையும் இருமுறை சோதி. குருஷ்சேவின் விருப்பம் இப்படியிருந்தால் என்ன ஆகும், அப்படியிருந்தால் என்ன ஆகும்? குண்டுவீச்சு, அவர் அடங்கிப்போகிறவராக இருந்தால் மட்டுமே பலிக்கும். கடல் மறிப்போ இரு பக்கமும் தாங்கும்; அவர் பேசவும் அவகாசம் தரும். பேசினார். கியூபாமீது படையெடுக்கமாட்டோம் என்ற உறுதியை 26ஆம் தேதிக் கடிதத்தில் கேட்டார். மறுநாள், துருக்கியில் அமெரிக்கா வைத்த ஏவுகணைகளை எடுக்கவும் கேட்டார்.

சீடன்: விட்ட இடங்களை அவரே நிரப்பிவிட்டார்!

குரு: சிலவற்றை. மாஸ்கோவில் தூதராக இருந்து குருஷ்சேவை நேரில் அறிந்த லெவெலின் தாம்சன், கியூபாவைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள முடிந்தாலே அவருக்குப் போதும் என்று கருதினார். உறுதி வெளிப்படையாகத் தரப்பட்டது. துருக்கி பற்றிய வாக்கு ரகசியமாக. 28ஆம் தேதி மாஸ்கோ இணங்கியது.

சீடன்: அதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டதா?

குரு: இல்லை, தம்பி. குறுந்தூர அணு ஆயுதங்களும் தீவில் வந்திறங்கியிருந்தன. வாஷிங்டனுக்கு அது தெரியாது. எதிராளி பணிந்துவிடுவான் என்று அவன் விருப்ப வரிசையை நிரப்பிக்கொண்டு படையெடுத்திருந்தால், அந்தப் படை அவற்றின் முன்தான் போய் இறங்கியிருக்கும். எதிராளியின் மனத்தில் உனக்குத் தெரியாத இடத்தை அச்சத்தாலும் நிரப்பாதே, ஆசையாலும் நிரப்பாதே.