கொட்டகையில் இருந்தவர்கள்

அட்லாண்டா நகரத்தில் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோருக்குள் சிலர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே தெரு முழுக்க நடமாடும் பிணங்கள். அவற்றுக்கு நடுவே தப்பிப் போக வேண்டுமானால் அவற்றின் வாடையையே உடம்பில் பூசிக்கொள்ள வேண்டும். ஒரு பிணத்தை உள்ளே இழுத்துப் போடுகிறார்கள். கோடரியை ஓங்கிய நாயகன் ரிக் கிரைம்ஸுக்குக் கை இறங்கவில்லை. குனிந்து அதன் பர்ஸை எடுத்துப் பிரிக்கிறான். பெயர் வெய்ன் டன்லப். ஜார்ஜியா மாநில ஓட்டுநர் உரிமம். பிறந்த ஆண்டு 1979. சாகும்போது கையில் இருந்தது 28 டாலரும் ஒரு பெண்ணின் படமும். என் குடும்பத்தைக் கண்டுபிடித்தால் இவனைப் பற்றிச் சொல்வேன் என்கிறான் ரிக். கூட இருக்கும் கிளென், உரிமத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு தகவலையும் சேர்க்கிறான்: இந்த ஆள் உடலுறுப்பு தானத்துக்குப் பதிவு செய்தவன்.

2010 நவம்பரில் ஒளிபரப்பான ‘தி வாக்கிங் டெட்’ தொடரின் இரண்டாவது எபிசோட் இது. ராபர்ட் கிர்க்மன் 2003இல் தொடங்கிய காமிக்ஸிலிருந்து பிறந்த தொடர், அமெரிக்காவின் ஏஎம்சி சேனலில் 2010 அக்டோபர் 31இல் தொடங்கி 2022 நவம்பர் 20இல் முடிந்தது. 11 சீசன், 177 எபிசோட். 2014 அக்டோபரில் ஐந்தாவது சீசனின் முதல் எபிசோடை ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். (ஏழாவது சீசனுக்குப் பிறகும் விடாமல் பார்த்தவர்களின் பொறுமைக்குத் தனியாக விருதே கொடுக்கலாம்.)

இத்தனை பேர் இதில் எதைத் தேடினார்கள்? வழக்கமாகச் சொல்லப்படும் பதில், ஒத்திகை. 2011 மே மாதம் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே, ஜாம்பிகள் வந்தால் வீட்டில் என்னென்ன தயாராக இருக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை வெளியிட்டது. தண்ணீர், மருந்து, ரேடியோ என்று புயலுக்கும் பூகம்பத்துக்கும் சொல்லும் அதே பட்டியல்தான். படிக்க வந்த கூட்டத்தில் இணையதளம் முடங்கியது. கொரோனா காலத்தில் சுமார் 300 பேரிடம் நடத்தி 2021இல் வெளியான ஓர் ஆய்வு, ஜாம்பி, உலக அழிவு வகைப் படங்களின் ரசிகர்கள் பெருந்தொற்றுக்கு மற்றவர்களைவிடத் தயாராக இருந்ததாகச் சொன்னது. இருக்கலாம். ஆனால் உயிர் பிழைக்கும் ஒத்திகைக்கு வெய்ன் டன்லப்பின் பர்ஸ் எதற்கு? ஓடத் தெரிந்தால் போதுமே, அவன் பெயர் எதற்கு?

ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடிய காட்சிகளை எடுத்துப் பார்த்தால், துப்பாக்கிச் சண்டைகளுக்குச் சமமாக வேறொன்று நிற்கிறது. ரிக்கின் குழுவில் இருக்கும் ஆண்ட்ரியா தன் தங்கை ஏமியின் உடலருகே இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறாள். தங்கை எழுந்திருப்பாள் என்பது அவளுக்குத் தெரியும். கண் திறக்கும்வரை காத்திருந்து, மன்னிப்புக் கேட்டு, அணைத்துக்கொண்டே சுடுகிறாள். அதே எபிசோடில், குழுவின் முகாமில் செத்தவர்களை மற்றப் பிணங்களோடு சேர்த்து எரிக்கப் பார்க்கும்போது கிளென் கத்துகிறான்: நம்முடையவர்களை எரிக்கக் கூடாது, புதைக்க வேண்டும். சுடுகாட்டுக்குப் பழகிய தமிழ்க் கண்ணுக்கு இந்தக் கோபம் சட்டென்று விளங்காது. நம்மில் பலருக்கு எரிப்பதுதான் மரியாதை. உடலோடு உயிர்த்தெழுவோம் என்ற நம்பிக்கை ஊறிய கிறிஸ்தவ மரபில் புதைப்பதே மரியாதை. கத்தோலிக்கத் திருச்சபை எரியூட்டலுக்கான தடையைத் தளர்த்தியதே 1963இல்தான். செத்தவர்கள் உண்மையாகவே எழுந்து நடக்கிற உலகத்திலும் கிளென் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

இந்தத் தொடரின் ஈர்ப்பு சாவைப் பற்றிய பயத்தில் இல்லை. எந்த நொடியில் ஓர் உடல் நம் ஆளாக இருப்பதை நிறுத்துகிறது என்ற பழைய கேள்வியில் இருக்கிறது. மதங்கள் பதில் வைத்திருந்த கேள்வி அது. அந்தப் பதில்கள் பாதி மறந்துபோன வீட்டுக்கூடத்தில், தொடர் ஒளிபரப்பான ஞாயிறு இரவுகளில் அது திரும்பி வந்தது.

1968ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஆகஸ்டில், ஹார்வர்டு மருத்துவக் குழு ஒன்று சாவுக்குப் புது இலக்கணம் எழுதியது. வென்டிலேட்டரில் இதயம் துடித்தாலும், மூளை மீளாதபடி செயலிழந்துவிட்டால் அந்த மனிதர் இறந்தவரே. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் தென்னாப்பிரிக்காவில் முதல் இதய மாற்று அறுவை நடந்திருந்தது. அக்டோபரில், பிட்ஸ்பர்கில் ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ வெளியானது. அதில் நடக்கும் பிணங்களை நிறுத்த வழி மூளையை அழிப்பது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று வரவில்லை. ஆனாலும் மனிதர் குடியிருப்பது நெஞ்சிலா, தலையிலா என்று ஒரு சமூகமே தடுமாறிய ஆண்டு அது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

‘வாக்கிங் டெட்’ ஹார்வர்டு பக்கம். முதல் சீசனின் கடைசி எபிசோடில் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் டாக்டர் ஜென்னர் தன் மனைவியின் மூளை ஸ்கேனைத் திரையில் ஓட்டுகிறார். ஒளிப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. பிறகு மூளைத்தண்டில் மட்டும் மங்கலாக ஏதோ எரிகிறது. எழுந்து நடக்க அது போதும். ‘நீ’ என்று சொல்லத்தக்க எதுவும் திரும்பி வருவதில்லை என்று விளக்குகிறார்.

அடுத்த சீசனில் மறுதரப்பு வாதாட வருகிறார் ஹெர்ஷல் கிரீன். பண்ணையாளர், கால்நடை மருத்துவர், பைபிளை விடாதவர். கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பிணங்களைப் பூட்டி வைத்துக் கோழி போட்டு வளர்க்கிறார். அவருக்கு அவர்கள் பிணங்கள் அல்ல, நோயாளிகள். உள்ளே இருப்பவர்களில் ஒருத்தி அவர் மனைவி. 2011 நவம்பர் 27 எபிசோடில் ரிக்கின் நண்பன் ஷேன் பூட்டை உடைக்கிறான். வெளியே வரும் ஒவ்வொன்றையும் சுட்டுத் தள்ளுகிறார்கள். கடைசியாக ஒரு சின்ன உருவம் வருகிறது. குழுவிலிருந்து தொலைந்துபோன சிறுமி சோஃபியா. சீசன் தொடங்கியதிலிருந்து அவளைத் தேடிக்கொண்டிருந்தார்கள், திரையில் இருந்தவர்களும் திரைக்கு முன்னால் இருந்தவர்களும். அதுவரை ஹெர்ஷலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட ரசிகர்கள் அந்த ஒரு நிமிடம் அவர் தரப்பில் நின்றார்கள். அவளைப் புதைத்தார்கள், ஹெர்ஷலின் குடும்பத்தாரைப் புதைத்தார்கள், மற்றவர்களை எரித்தார்கள்.

ஹெர்ஷல் கிறுக்கர் அல்ல. அவருடைய வாதத்துக்கு அமெரிக்கச் சட்டத்திலேயே இடம் உண்டு. நியூஜெர்சியின் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவருடைய மத நம்பிக்கை மூளைச்சாவை ஏற்காவிட்டால், இதயமும் மூச்சும் நிற்கும்வரை அவரை இறந்தவர் என்று அறிவிக்க முடியாது. டெலவேர் ஆற்றைத் தாண்டி ரொமேரோவின் பென்சில்வேனியாவுக்குப் போனால் அதே உடல் சட்டப்படி பிணம். இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் மூளைச்சாவை ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கிய உறுப்புதானத் திட்டம் அதை நம்பியே நடக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், மார்பு ஏறி இறங்கும் மகனைக் காட்டி, இவர் இல்லை என்று டாக்டர் சொல்லும்போது, பெற்றவர்கள் ஒரே மணிநேரத்தில் ஹெர்ஷலின் இடத்திலிருந்து ஜென்னரின் இடத்துக்கு நடந்து வர வேண்டியிருக்கிறது. அப்படி வந்தவர்களை மதித்து, தானம் தந்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

மூன்றாவது சீசனில் மில்டன் என்ற ஆராய்ச்சிக்காரர் இதைச் சோதித்தே பார்க்கிறார். சாகக் கிடக்கும் முதியவர் ஒருவரிடம் அவர் பெயரையும் மனைவி பெயரையும் சொல்லி, சரியென்றால் கையைத் தூக்கச் சொல்கிறார். செத்து எழுந்த பிறகு அதே வார்த்தைகள். கை ஏதோ அசைந்ததுபோல் மில்டனுக்குத் தோன்றுகிறது. கட்டை அவிழ்த்ததும் அது பாய்கிறது, ஆண்ட்ரியா குத்திக் கொல்கிறாள். சரி, கை நன்றாகவே எழுந்திருந்தால்? தத்துவத்தில் ஜாம்பி என்ற சொல்லே இந்தச் சங்கடத்துக்கு வைத்த பெயர். 1974இல் ராபர்ட் கிர்க் (கிர்க்மன் வேறு, இவர் வேறு) எழுப்பி, 1996இல் டேவிட் சால்மர்ஸ் பிரபலமாக்கிய கற்பனை அது: நம்மைப்போலவே பேசும், சிரிக்கும், கையைத் தூக்கும், ஆனால் உள்ளே அனுபவம் என்று ஒன்றும் இல்லாத உருவம். டிவி ஜாம்பி அழுகிப்போய் வருவதால் வேலை சுலபம். தத்துவ ஜாம்பி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். கிர்க் பிற்காலத்தில் இந்தக் கற்பனையே செல்லாது என்று கட்சி மாறியது தனிக் கதை.

இத்தனைக்கும் மூலமான ஹைட்டியில் கேள்வியே வேறு. அது பிரான்சின் கரும்புக் காலனியாக இருந்தபோது, செத்தால் ஆன்மா கடல் கடந்து கினியாவுக்கு, முன்னோர் மண்ணுக்குத் திரும்பும் என்பது அடிமைகளின் நம்பிக்கை. எஜமானால் தடுக்க முடியாத ஒரே விடுதலை அது. ஜோன்பி என்பவன் அந்த விடுதலையும் கிடைக்காதவன். மந்திரவாதி ஆன்மாவைக் கைப்பற்றிக்கொள்ள, உடல் மட்டும் செத்த பிறகும் உழைத்துக்கொண்டே இருக்கும். அங்கே யாரும் ஜோன்பி கடிக்கும் என்று பயப்படவில்லை. தான் ஜோன்பி ஆகிவிடுவோமோ என்றுதான் பயந்தார்கள். அமெரிக்கப் படைகள் ஹைட்டியைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், 1929இல் வில்லியம் சீப்ரூக்கின் புத்தகம் இந்தச் சொல்லை அமெரிக்காவில் பிரபலமாக்கியது. அடிமையின் பயம் கப்பல் ஏறிப் போய் வீட்டுக்காரனின் பயமாக மாறியது: வேலிக்கு வெளியே கூட்டம், உள்ளே நாம்.

தமிழில் ‘நடைப்பிணம்’ என்றால் செத்து நடப்பவன் இல்லை, உயிரோடு இருந்தும் இல்லாதவன். ஒப்புரவு அதிகாரத்தில் வள்ளுவர் செத்தவர் கணக்கில் யாரை வைக்கிறார் என்பது தமிழ் வாசகருக்குத் தெரியும். தொடர் அந்த இடத்துக்கு வந்துசேர ஐந்து சீசன் ஆயிற்று. அதில்தான் ரிக், நடைப்பிணங்கள் நாமே என்று வாய்விட்டுச் சொல்கிறான். தலைப்பு வெளியே இருப்பவர்களைக் குறிக்கவில்லை என்று காமிக்ஸ் படித்தவர்களுக்கு முன்பே தெரியும்.

ஞாயிறு இரவுகளில் எபிசோடைத் தொடர்ந்து ‘டாக்கிங் டெட்’ என்ற பேச்சு நிகழ்ச்சி வந்தது. அதில் ஓர் அஞ்சலிப் பகுதி. அன்றைக்குச் செத்த பாத்திரங்களோடு, வீழ்த்தப்பட்ட ஜாம்பிகளுக்கும் படம் போட்டு அஞ்சலி. சிரிப்பதற்காகச் செய்ததுதான். வெய்ன் டன்லப்பின் பர்ஸைப் பிரித்துப் பார்த்ததும் ஏறக்குறைய இதே வேலைதான்.

ஹெர்ஷல் கொட்டகை உடைந்த பிறகு மெல்ல மெல்ல மாறினார். கிறிஸ்து வாக்களித்த உயிர்த்தெழுதல் வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன் என்று கசந்து சொன்னவர், பிற்பாடு குழு தஞ்சமடைந்த சிறைச்சாலையில் எல்லாருக்கும் மருத்துவராகவும் மனசாட்சியாகவும் இருந்தார். 2013 டிசம்பர் எபிசோடில் எதிரி ஒருவன் அவர் தலையை வெட்டினான். சண்டை ஓய்ந்து எல்லாரும் சிதறிப் போன பிறகு குழுவின் வாள்காரி மிஷோன் அங்கே திரும்பி வருகிறாள். புல்லில் அவர் தலை மட்டும் கிடக்கிறது. கண் திறந்திருக்கிறது, வாய் மெல்ல மெல்ல அசைகிறது. ஓடிப் போக வேண்டிய அவசரத்திலும் அவள் நின்று அந்த முகத்தைப் பார்க்கிறாள். பிறகு வாளைக் கீழே இறக்குகிறாள்.